அடுக்களையிலிருந்து நூற்றெண்பது கிலோமீட்டர்

பிப்ரவரி 3

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இடது தொடை எலும்பைத் தவிர இங்கே எல்லாம் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது, கல்லூரி எப்படிப் போகிறது என்று எழுது. இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நம்மில் ஒருத்தி வைத்துவிடுகிறாள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது.

நீ ஆஸ்பத்திரிக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போன பிறகு தையல் பிரித்தார்கள். உள்ளே வைத்த தகடு சரியாகப் பிடித்துக்கொண்டதாம். இப்போது வாக்கரைப் பிடித்து நிற்கிறேன். வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு பிசியோதெரபிப் பெண் வருகிறாள். நான் வைத்த பெயர் டிரில் மாஸ்டர். "தினமும் நடந்தாத்தான் ஆன்ட்டி கால் உங்க பேச்சக் கேக்கும்" என்கிறாள். எங்கே நடப்பது என்று கேட்டேன். "வீட்டுக்குள்ளயே நடங்க. அடுக்களையிலேர்ந்து வாசல் வரைக்கும் போங்க, திரும்பி வாங்க." காவல்காரன் மாதிரி நான்கு நாள் போய் வந்தேன். ஐந்தாம் நாள் அழுகை வந்தது. நடந்தால் எங்காவது போய்ச் சேர வேண்டாமா?

அப்பாவின் பெட்டியைக் குடைந்தபோது ஒரு தாள் கிடைத்தது. அவர் ஓட்டிய பஸ்ஸின் கண்டக்டர், நம் விசில் மாமா, கைப்பட எழுதிய நிறுத்தப் பட்டியல். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எதிரே கிலோமீட்டர் போட்டிருக்கிறது. முதல் நிறுத்தம் என் ஊர். கடைசி நிறுத்தம் இப்போது நீ இருக்கும் ஊர். நூற்றெண்பது.

அம்மாவின் பழைய மஞ்சள் டேப்பை எடுத்து வீட்டை அளந்தோம். நான் ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொள்ள, என் வீட்டுக்காரர், அதான் உன் மாமா, மறு நுனியோடு முனகிக்கொண்டே தரையில் தவழ்ந்தார். அடுக்களைக் கதவிலிருந்து வாசல் கதவு வரை சரியாக எட்டு டேப். ஒரு டேப் ஒன்றரை மீட்டர் என்றால் பன்னிரண்டு மீட்டர். போய் வந்தால் இருபத்துநான்கு. ஏழாயிரத்து ஐநூறு சுற்றில் உன் வீடு. இன்று ஐந்து சுற்று போனேன். பஸ் ஸ்டாண்டின் கழிப்பறைச் சுவரைத் தாண்டியிருப்பேன்.

ஏன் இந்தக் கூத்து என்று உனக்குத் தெரியும். ஒன்பது வருடம் முன்பு, அப்பா போன மறுவாரம், இதே இடத்தில் நின்று கத்தினோம். "நீ மட்டும் என் வீட்டுக்கு எத்தன தடவ வந்திருக்க?" என்றாய். "இனிமே உன் வீட்டுக்கு வண்டி ஏற மாட்டேன். வந்தா நடந்துதான் வருவேன்" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். சொன்னதைத் திரும்ப வாங்கத் தெரியாத பிறவி நான். ஆகவே நடக்கிறேன். தூரம் முடிந்த மறுநாள் உன் வீட்டுக்கு பஸ் ஏறுவேன். கால் ஒத்துழைத்தால்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

---

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முதுகு வழக்கம்போல. மாமாவை விசாரித்ததாகச் சொல்.

ஒரு நாளைக்கு ஐந்து சுற்று என்றால் ஆயிரத்து ஐநூறு நாள். அதாவது நான்கு வருடமும் ஒரு மாதமும். உன் உற்சாகத்தைக் கெடுக்க எழுதவில்லை. வகுத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். புள்ளியியல் பாடம் நடத்துகிறவளிடம் எண்களைக் கொடுத்தால் வேறு என்ன செய்வாள்? நடப்பது காலுக்கு நல்லது. அதற்கு ஊர் பெயர் வைப்பதால் கூடுதலாக ஒன்றும் நடக்காது என்பது என் எண்ணம். நிறுத்தச் சொல்லவில்லை.

கழிப்பறைச் சுவர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம். வண்டி அந்த வழியாக வெளியே போகாது.

ஒரு சந்தேகம். அந்த மஞ்சள் டேப்பில் இரண்டு நுனியிலும் தகடு இருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடு.

தங்கை

---

மார்ச் 12

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

நலமே. நீயும் அப்படியே இருக்க வேண்டும். டேப்பின் இரண்டு நுனியிலும் தகடு பத்திரமாக இருக்கிறது. அந்தக் காலத்துப் பொருள், லேசில் போகுமா? உனக்கு எதற்கு அது?

நேற்று ரயில்வே கேட்டைத் தாண்டினேன். ஒன்பதாவது கிலோமீட்டர். இப்போது நாளுக்குப் பதினெட்டு சுற்று. நோட்டில் ஐந்து ஐந்தாகக் கோடு போடுகிறேன். உன் மாமா நாற்காலியை நடுவழியில் போட்டு பேப்பர் படிக்கிறார். அவருக்கு டோல்கேட் என்று பெயர் வைத்துவிட்டேன். "வழிய விடுங்க" என்றால் "வாக்கருக்கெல்லாம் ஃப்ரீ, போ போ" என்கிறார்.

கேட் சாத்தியிருக்கும்போது அப்பா இன்ஜினை அணைப்பாரே, நினைவிருக்கிறதா? அதுவரை காதை அடைத்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்று, பின் சீட்டில் யாரோ யாரையோ திட்டுவது துல்லியமாகக் கேட்கும். அப்புறம் கூட்ஸ் வண்டி. நீ பெட்டிகளை எண்ணுவாய். ஒரு தடவை நீ நாற்பத்துநான்கு என்றாய், விசில் மாமா நாற்பத்துமூன்று என்றார். "கார்டு பெட்டியயும் சேத்தா எண்ணுன?" என்று அவர் மடக்கியதும், அடுத்த மூன்று நிறுத்தம் வரை நீ யாரோடும் பேசவில்லை. உனக்கு ஏழு வயது.

இன்ஜின் மூடிமேல் துண்டை நான்காக மடித்துப் போட்டு நம்மை உட்கார வைப்பார். அந்தச் சூடு இப்போதும் தொடையில் இருக்கிற மாதிரி இருந்தது இன்று. தகடு வைத்த தொடைதான்.

வெயிலில் அலையாதே.

அக்கா

---

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாம் சுகம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன்.

கார்டு பெட்டியைச் சேர்க்காமலேயே நாற்பத்துநான்கு. விசில் மாமா எண்ணத் தொடங்கும்போது முதல் பெட்டி போய்விட்டது. அன்றே சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

நாளுக்குப் பதினெட்டு என்றால் நிலைமை மாறுகிறது. நாளாக ஆகக் கூடிக்கொண்டே போகிற எண்ணை ஐந்தாகவே வைத்து வகுத்தது என் தவறு. மாணவர்கள் அப்படிச் செய்தால் மதிப்பெண் குறைப்பேன்.

தேர்வுத் தாள் திருத்துகிறேன். வகுப்பு முடிந்த பிறகு கல்லூரி இரண்டாம் மாடியில் கொஞ்சம் நடக்கிறேன். முதுகுக்காக.

நாற்பத்தொன்றாவது கிலோமீட்டரில் டீ நிறுத்தம். பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காதே, அப்பா ஹார்ன் அடிப்பார்.

தங்கை

---

மே 25

அன்புள்ள தங்கைக்கு,

நலம் என்று எழுதலாம். ஏப்ரலில் ஒரு தடவை விழுந்தேன். ஈரத்தரை. எலும்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் பதினோரு நாள் படுக்கை. இருபத்துநான்காவது கிலோமீட்டரில் வண்டி பழுது என்று நோட்டில் எழுதிவைத்தேன். பன்னிரண்டாம் நாள் எழுந்து, பழையபடி ஐந்து சுற்றிலிருந்து தொடங்கினேன். அது கசந்தது. முதல்முறை தொடங்கியபோது இவ்வளவு கசக்கவில்லை.

இப்போது வாக்கர் போய் கைத்தடி. டீ நிறுத்தத்தில் அடுக்களை மேடையில் சாய்ந்து நின்றபடியே டீ குடித்தேன். உன் மாமா வாயால் ஹார்ன் அடித்தார். நேற்று பாலம் வந்துவிட்டது. நாற்பத்தேழு.

பாலத்தில் நடக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. கடைசி நாள் அப்பா கடிகாரத்தை எதிரே வைக்கச் சொன்னார். நீ மத்தியானம் கிளம்புவதாகச் சொல்லியிருந்தாய். ஐந்து மணிக்கு, "ரெண்டு மணி வண்டி இப்ப பாலத்தத் தாண்டியிருக்கும்" என்றார். ஆறு மணிக்கு, "கேட்டு சாத்தியிருப்பான்" என்றார். அப்புறம் பேசவில்லை. எட்டு மணிக்குப் போனார். நீ பத்தரைக்கு வந்தாய். இரண்டு மணி வண்டியைத் தவறவிட்டதாகச் சொன்னாய்.

உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. பாலம் வந்ததால் எழுதினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

---

ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம், உடனே எழுத முடியவில்லை. ஈரத்தரையில் செருப்பில்லாமல் நடக்காதே.

அந்தப் பாலத்துக்குப் பதினொரு தூண். நடுத்தூணில் வெள்ளம் வந்த அளவைக் கோடு போட்டுக் குறித்திருப்பார்கள்.

இங்கே மழை தொடங்கிவிட்டது.

தங்கை

---

ஆகஸ்ட் 20

அன்புள்ள தங்கைக்கு,

நலம், நலம். இந்த முறை நிஜமாகவே நலம். நீ இரண்டு மாதமாக எழுதவில்லை. கோபமா, வேலையா என்று கேட்கப்போவதில்லை. நூற்று இருபத்தெட்டு. எப்படி? பாதி வழியில், நீ வழக்கமாக வாந்தி எடுக்கும் அந்த வளைவில்கூட நிற்காமல் வந்துவிட்டேன். இப்போது நாளுக்கு நாற்பது சுற்று. கைத்தடி பேருக்குத்தான்.

ஆகஸ்ட் போய், செப்டம்பர் போய், அக்டோபர் இறுதிக்குள் உன் வாசலில் இருப்பேன். உன் வீடு மூன்றாவது மாடி என்று நினைவு. லிஃப்ட் இருக்கிறதா? ஒரு மாடிக்கு எத்தனை படி? மொட்டைமாடிக்கு ஏறிப் பழகுகிறேன். டிரில் மாஸ்டர் கைதட்டுகிறாள். "ஆன்ட்டி, உங்கள வச்சு ஒரு வீடியோ எடுக்கவா?" என்றாள். "முதல்ல என் தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சேர்றேன், அப்புறம் எடு" என்றேன். ஒன்பது வருடத்தில் அந்த வார்த்தையை இவ்வளவு லேசாகச் சொல்வேன் என்று நினைத்ததில்லை.

உன் வீட்டில் ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கும்? அதுகூட எனக்குத் தெரியாது.

அக்கா

---

செப்டம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கோபமில்லை.

மாடிக்குப் பதினெட்டுப் படி. லிஃப்ட் இருக்கிறது, பாதி நாள் ஓடாது. ஜன்னல் கிழக்கே பார்க்கும். எதிரே ஒரு அச்சகத்தின் தகரக் கூரை, அதற்கப்பால் தண்ணீர்த் தொட்டி. பார்க்க ஒன்றுமில்லை.

அவசரப்படாதே. அக்டோபரில் எனக்குப் பருவத்தேர்வு வேலை இருக்கும். நவம்பரோ டிசம்பரோ பரவாயில்லை. தினமும் இரண்டு சுற்று குறைத்துக்கொண்டால்கூட ஒன்றும் கெட்டுப்போகாது. வருவதைத் தடுக்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே.

மாமாவுக்கு என் வணக்கம்.

தங்கை

---

அக்டோபர் 14

தங்கைக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். உன் கடிதம் வந்து ஆறு வாரமாகிறது.

உன் கடிதம் வந்த மறுநாள் டிரில் மாஸ்டர் இரும்பு டேப் ஒன்று கொண்டுவந்தாள். என் காலடி எவ்வளவு நீளம் என்று பார்க்க. தரையை அளந்துவிட்டு, "ஆன்ட்டி, இது பன்னண்டு இல்ல, ஒன்பது புள்ளி ஆறு" என்றாள். மறுபடி அளக்கச் சொன்னேன். மூன்று தடவை அளந்தாள். மஞ்சள் டேப்பை எடுத்துப் பிரித்துப் பார்த்தால் அதில் எண் ஒன்றிலிருந்து தொடங்கவில்லை. முப்பத்தொன்றிலிருந்து தொடங்குகிறது. முதல் முப்பது சென்டிமீட்டரே இல்லை. ஆனால் நுனியில் தகடு இருக்கிறது. இத்தனை நாள் எட்டு டேப், எட்டு டேப் என்று எண்ணினோமே தவிர, ஒரு தடவைகூட எண்ணைப் பார்க்கவில்லை.

நூற்று நாற்பதில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். நூற்றுப் பன்னிரண்டில் இருக்கிறேன். இருபத்தெட்டு கிலோமீட்டர் காற்றில் போயிற்று. தாண்டிவிட்ட நிறுத்தங்களுக்கே திரும்பவும் போக வேண்டும்.

இருபத்தெட்டு பெரிய தூரமில்லை என்று உன் மாமா சொல்கிறார். தெரியும். ஆனால் அன்றோடு நடப்பதை நிறுத்திவிட்டேன். நோட்டை அலமாரிக்கு மேல் போட்டேன். கால் காலையில் மரக்கட்டை மாதிரி இருக்கிறது. டிரில் மாஸ்டர் திட்டுகிறாள். "இப்படியே விட்டீங்கன்னா முட்டி மறுபடி இறுகிப்போகும், நான் வந்து பிரயோஜனமில்ல" என்கிறாள்.

வர வேண்டாம் என்று நீ ஜாடையாக எழுதியிருந்தாய். அதற்கும் இது சரியாகப் போயிற்று. நடைக்கு ஊர் பெயர் வைப்பதால் ஒன்றும் நடக்காது என்று முதலிலேயே சொன்னாய்.

அக்கா

---

அக்டோபர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன்.

டேப்பை வெட்டியது நான். எட்டாம் வகுப்பில் பரீட்சைக்கு முதல் நாள் என் ஸ்கேலைத் தொலைத்துவிட்டேன். அம்மா புது டேப் வாங்கியிருந்தாள், பழையது பெட்டியில் கிடந்தது. முதல் முப்பது சென்டிமீட்டரை வெட்டினேன். தகட்டைக் கத்தியால் நெம்பிக் கழற்றி, மிச்சமிருந்ததன் நுனியில் மாட்டி, உலக்கையால் தட்டினேன். யாருக்கும் தெரியக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம். முப்பத்தேழு வருடம் தெரியவில்லை.

உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே சந்தேகம். தகடு இருப்பதாக நீ எழுதியதும், வெட்டியதை நீ கவனிக்கவில்லை என்பது உறுதியாகிவிட்டது. ஏழாயிரத்து ஐநூறு சுற்று முடிக்கும்போது நீ நூற்று நாற்பத்துநான்கில்தான் இருப்பாய் என்று மார்ச்சிலேயே தெரியும். சொன்னால் நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். சொல்லாததால் நிறுத்திவிட்டாய்.

மிச்சம் முப்பத்தாறு. கல்லூரி இரண்டாம் மாடி வராந்தா நாற்பத்தைந்து மீட்டர். இரும்பு டேப்பால் இரண்டு முறை அளந்தேன். போய் வர தொண்ணூறு, நான்கு சுற்றுக்கு முந்நூற்று அறுபது. கல்லூரி இருந்த நாளெல்லாம் அவ்வளவுதான் நடந்தேன், அதற்கு மேல் இல்லை. என் இரண்டு காலும் நன்றாகத்தான் இருக்கின்றன, ஒரே வாரத்தில் முடித்திருக்கலாம். ஆனால் நீ நடக்கிற அளவைவிட அதிகம் நடந்தால் ஏமாற்று மாதிரிப் பட்டது. நூறு நாள் ஆயிற்று. என் வீட்டிலிருந்து உன் பக்கமாக நடந்தேன். போன வெள்ளிக்கிழமை நூற்று நாற்பத்துநான்காவது கல்லுக்கு வந்து சேர்ந்தேன். செங்கல் சூளை நிறுத்தம். அவசரப்படாதே என்று எழுதியது அதற்காகத்தான், எனக்கு இன்னும் இருபது நாள் பாக்கி இருந்தது. துறையில் ஒருவர், "என்ன மேடம், யாரத் தேடுறீங்க?" என்றுகூடக் கேட்டார். முதுகுவலி என்றேன்.

இதனால் எதுவும் நிரூபணமாகவில்லை. இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு இப்போதும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மழை பெய்து வராந்தா நனைந்திருந்த நாட்களில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நான்கு சுற்றையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

இன்னொன்று. மே மாதக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. தூண்களை எண்ணி அனுப்பினேன். அன்று இரண்டு மணி வண்டியை நான் தவறவிடவில்லை. ஒன்றரைக்கே பஸ் ஸ்டாண்டில் இருந்தேன். அது கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான்கு மணி வண்டியும் போயிற்று. ஏறினால் போய்ச் சேர்ந்துவிடுவேன், சேர்ந்தால் பார்க்க வேண்டும். ஆறு மணிக்கு ஏறினேன். வயது நாற்பது, பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம். யாரிடமும் சொன்னதில்லை. "நீ எத்தன தடவ வந்திருக்க" என்று உன்னைக் கேட்டது அதை மறைக்கத்தான்.

நோட்டை அலமாரியிலிருந்து எடு. நீ நலமா?

தங்கை

---

நவம்பர் 1

அன்புள்ள தங்கைக்கு,

நலம். கடிதம் வந்த அன்று ஐந்து சுற்று. இன்று இருபத்திரண்டு.

டேப்பை வெட்டினதற்கு உன்னை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வருடம் ஜாமெட்ரியில் என்ன மதிப்பெண் வாங்கினாய்? நல்ல மதிப்பெண்ணாவது இருக்கட்டும். உன் மாமா இரண்டு நாளாக அந்த டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "பன்னண்டு வயசுல இந்தத் தகட்ட இப்படி மாட்டியிருக்கா பாரேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறார்.

வண்டிகளைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன். அப்பாவிடம் சொல்லியிருந்தால், "சரி, ஆறு மணி வண்டியில வந்துட்டல்ல?" என்றிருப்பார். யாரையும் ஏன் தாமதம் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. எந்த வண்டி என்று மட்டும்தான் கேட்பார். அன்று ஐந்து மணிக்கும் அவர் வருத்தத்தோடு சொல்லவில்லை. வண்டி எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். இதை உன்னிடம் ஒன்பது வருடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். கோபத்தில் அடக்கிக்கொண்டேன். அது என் பங்கு.

முப்பத்தாறு விஷயம். உன் மாமா சொல்கிறார், இருவர் நடந்ததையும் கூட்டினால் நூற்றெண்பது ஆகிறது, கிளம்பு என்று. நான் ஒப்புக்கொள்ளவில்லை. நடந்து வருவேன் என்றது நான். உன் முப்பத்தாறை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அது நீ என்னைப் பார்க்க வந்த தூரம். அதை என் நோட்டில் எழுதினால் நீ வரவில்லை என்று ஆகிவிடும்.

ஆனால் நூற்று நாற்பத்துநான்கு வரை வர எனக்கு இன்னும் ஐந்தாறு வாரம்தான். நடந்து முடித்த வழியில் பஸ் ஏறினால் யார் என்ன கேட்பது? சூளை நிறுத்தத்தில் இறங்குகிறேன். நீயும் அதுவரை வந்துவிட்டாயே. அன்று அங்கிருந்தே திரும்பிவிடுவேன். மீதி முப்பத்தாறை வீட்டுக்கு வந்து நடந்துகொள்கிறேன். உன் கிழக்கு ஜன்னல் எங்கும் போய்விடாது.

டிசம்பர் இரண்டாவது ஞாயிறு சௌகரியமா?

அக்கா

---

டிசம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமென்று நம்புகிறேன். ஜாமெட்ரியில் அறுபத்தொன்று.

ஞாயிறு சௌகரியம்தான். போன சனிக்கிழமை சூளை நிறுத்தத்துக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நம் மனதில் இருக்கிற இடம் அங்கே இல்லை. சூளையை இடித்துவிட்டார்கள். பெட்ரோல் பங்க் வந்திருக்கிறது. கிலோமீட்டர் கல் இருக்கிறது, சாய்ந்து, பாதி மண்ணுக்குள். தகரக் கூரை போட்ட ஒரு நிழற்குடை. பங்க்கில் கழிப்பறை உண்டு, சுத்தம் சுமார். சாலையோரம் சரளைக்கல், உன் கைத்தடி வழுக்கலாம். ரப்பர் முனை புதிதாக மாட்டிக்கொள்.

அந்த வழியில் ஓடும் வண்டியின் கடைசிப் படி தரையிலிருந்து முப்பத்தெட்டு சென்டிமீட்டர். உன் வீட்டு வாசற்படியைவிட இரண்டு மடங்கு. ஒரு கண்டக்டர் நான் டேப்பை நீட்டி அளப்பதைப் பார்த்து, "பஸ்ஸுக்கு பாடி கட்டப்போறீங்களாம்மா?" என்றார். அக்கா வருகிறாள் என்றேன். முன்படியில் இறங்கு. கெட்ட காலை முதலில் வை, பிறகு நல்ல காலை. வண்டி முழுதாக நின்ற பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். நான் கீழே நிற்பேன். நீ கேட்டால் மட்டும் கை கொடுப்பேன்.

நிழற்குடையில் ஒரு பெஞ்சுதான் இருக்கிறது. இரண்டு பேர் உட்காரலாம், கொஞ்சம் நெருக்கி. என்ன பேசப்போகிறோம் என்று எனக்குத் தெரியவில்லை. சண்டையும் வரலாம், வந்தால் நடுவில் எழுந்து போக முடியாது. திரும்பும் வண்டி இரண்டே கால் மணி நேரம் கழித்துத்தான்.

தங்கை